பக்கப்பெட்டி

அந்தக் கடையின் பையோடு யாராவது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நான் எழுந்து நின்றுவிடுவேன். மஞ்சள் பை, அதில் கைகூப்பிச் சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். பார்த்தாலே குமட்டுகிறது. கடையின் பெயரை இங்கே எழுதமாட்டேன். வழக்கு நடக்கிறது என்பதற்காக மட்டுமில்லை, எழுதினால் அப்புறம் பேனாவைக் கழுவ வேண்டியிருக்கும்.

என் பெயர் ஜெபமலர். மதுரையில் பதினேழு வருடமாக நெட்வொர்க் வேலை. கட்டடத்துக்குள் கம்பி இழுப்பது, பெட்டி பொருத்துவது, பெட்டி மக்கர் பண்ணினால் திட்டிக்கொண்டே சரிசெய்வது. நடுக்கக் காய்ச்சல் வந்து ஊரிலுள்ள நரம்பையெல்லாம் தின்றுவிட்டுப் போன பிறகு எங்கள் தொழிலுக்கு நல்ல காலம் பிறந்தது. எல்லோர் பிடரியிலும் அரிசி அளவில் ஒரு மணியை வைத்துத் தைத்தார்கள். உடம்பு சொல்வதை மூளைக்குக் கொண்டுபோவது இப்போது அந்த மணிதான். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் மணி முதலில், 'வந்துவிட்டேன், எனக்கு என்ன எண்?' என்று கேட்கும். அங்கே அரசாங்க வாரியம் மாட்டி வைத்திருக்கிற வாரியப் பெட்டி ஓர் எண் கொடுக்கும். யாராவது மயங்கி விழுந்தால் எந்த மாடியில் விழுந்தார் என்று ஆம்புலன்ஸுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. வாரியப் பெட்டியில் ஈயச் சீல் இருக்கும். உடைத்தால் ஏழு வருடம் ஜெயில்.

தீபாவளிக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது அந்த ஜவுளிக்கடையின் மேனேஜர் தணிகாசலம் என்னைக் கூப்பிட்டார். ஏழு மாடிக் கடை. அவர் அறை நான்காவது மாடியில். நெற்றி நிறையச் சந்தனம், சட்டைப்பையில் மூன்று பேனா, பேச்சில் சர்க்கரை.

"மேடம், வாரியப் பெட்டியத் தொடக்கூடாது. அது குடுக்குற நம்பர்லயும் கை வைக்கக்கூடாது. ஆனா நம்ம சார்புல நாலு விசயம் கூடுதலாச் சொல்லணும். முடியுமா?"

"அதுக்குத்தான் பக்கப்பெட்டி இருக்கு சார். அது நம்பரே குடுக்காது. வாரியப் பெட்டி நம்பர் குடுக்குறப்ப பக்கத்துல நின்னு, 'இதையும் சேத்துக்க'ன்னு சொல்லும். மணி ரெண்டையும் எடுத்துக்கும். ஆஸ்பத்திரியில ஆபரேசனுக்கு முன்னாடி அப்படித்தான வலியக் கொறைக்கிறாங்க."

"சட்டப்படி ஒண்ணும் வராதுல்ல?"

"சீல் ஒடையல, நம்பர் மாறல. நம்பர் குடுக்குறவனப் பத்தித்தான் சட்டம் இருக்கு. பக்கத்துல நின்னு சொல்றவனப் பத்தி ஒரு வரி கிடையாது."

சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நினைத்தால் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

"பாவம் மேடம் புள்ளைக. பன்னெண்டு மணி நேரம் நிக்குதுக. கால் வலி தெரியாம இருந்தா நமக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லி ஒரு பென்டிரைவை நீட்டினார். அதில் ஒரே ஒரு கோப்பு, 'சௌகரியம்' என்று பெயர். வெளியூரில் யாரோ எழுதிக் கொடுத்ததாம். கூடவே வேலை பார்க்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களின் மணி எண்கள். நான் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. கொரியர்காரர் பார்சலைப் பிரித்தா பார்க்கிறார்? எனக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை, உள்ளே என்ன இருந்தால் எனக்கென்ன. அப்படித்தான் நினைத்தேன்.

ஊழியர் நுழையும் பின்வாசலில், படிக்கட்டுக்குக் கீழே, வாரியப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பொருத்தினேன். பொருத்தும்போது 'எவ்வளவு நேரத்துக்கு' என்று ஒரு கட்டம் வரும். ஆஸ்பத்திரிக்கு வெளியே பக்கப்பெட்டி போடும் எவரும் அதை நிரப்புவதில்லை. காலக்கெடு எல்லாம் எண் கொடுப்பவன் சமாச்சாரம், கட்டடத்தை விட்டு வெளியே போனால் எண்ணோடு மற்றதும் போய்விடும் என்று தொழிலில் ஒரு நம்பிக்கை. நானும் காலியாக விட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தீபாவளி முடிந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு டாக்டர் போன் பண்ணினார். பெயர் நஸ்ரின், முனிச்சாலையில் கிளினிக் வைத்திருப்பவர்.

"ஜெபமலர்ங்கிறது நீங்கதானே? உடனே வர முடியுமா?"

போனேன். அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இந்த மாசம் ஆறு பேர் வந்திருக்காங்க. ஆறு பேரும் ஒரே ஜவுளிக்கடை. ஒருத்திக்கும் இருபத்தஞ்சு வயசு தாண்டல. மூத்திரப்பை ஊதிப்போய், கிருமி கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. ஏம்மா இப்படி அடக்கி வச்சேன்னு கேட்டா, 'அடக்கவே இல்ல டாக்டர், வரவே இல்ல'ன்னு ஆறு பேரும் சொல்லுதுங்க. மணியப் படிச்சுப் பாத்தேன். கூடுதல் குறிப்பு, வழங்கியவர் ஜெபமலர்னு போட்டிருக்கு. என்ன வழங்குனீங்க?"

"கால் வலிக்கு, டாக்டர்" என்றேன். சொல்லும்போதே எனக்குக் குரல் இறங்கிவிட்டது.

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். நான் பிரிக்காத பார்சல் அங்கே பிரித்துக் கிடந்தது. முதல் வரி கால் வலி. ஐந்தில் ஒரு பங்கு குறைக்கச் சொல்லியிருந்தது, சும்மா கண்துடைப்புக்கு. இரண்டாவது வரி: மூத்திரப்பை நிறைந்தால் மூளைக்குச் சொல்லாதே. மூன்றாவது வரி: தாகத்தைப் பாதியாக்கு. அவ்வளவுதான் கோப்பு. மூன்று வரி. படித்துப் பார்க்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும்.

ச்சீ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். யாரைச் சொன்னேனோ தெரியாது. வாஷ்பேசினுக்கு ஓடினேன். வாந்தி வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உள் அறையில் ஒரு பெண் படுத்திருந்தாள். முத்துப்பேச்சி, இருபத்து மூன்று வயது, உசிலம்பட்டிப் பக்கம். கடையின் மூன்றாவது மாடியில் காட்டன் சேலைப் பிரிவு. முகம் மஞ்சள் பூசினதுபோல் இருந்தது. நான்தான் பெட்டி போட்டவள் என்று டாக்டர் சொன்னார். அவள் திட்டுவாள் என்று நின்றேன். அவளோ எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"வாங்கக்கா. நீங்க தப்பா நெனைக்காதீங்க, மொதல்ல எங்களுக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

"என்னடி நல்லா இருந்துச்சு?"

"உங்களுக்குத் தெரியாதுக்கா. மாடிக்கு ஒரு மரக்கட்டை வச்சிருக்காய்ங்க. அது கையில இருந்தாத்தான் ஏழாவது மாடி பாத்ரூமுக்குப் போலாம். அம்பது பேருக்கு ஒரு கட்டை. லிப்ட்ல ஏறக்கூடாது. கட்டை எடுத்தா நோட்டுல பேரு எழுதிருவாய்ங்க. ரெண்டு தடவைக்கு மேல எழுதுனா எல்லாரு முன்னாடியும் சூப்பர்வைசர் சத்தமா வாசிப்பான்."

"ஒவ்வொரு மாடியிலும் பாத்ரூம் பாத்தேனே."

"அது கஸ்டமருக்குக்கா. நாங்க போனா சீட்டக் கிழிச்சிருவாய்ங்க." அவள் கொஞ்சம் சிரித்தாள். "நீங்க பெட்டி போட்டதுக்கப்புறம் நான் கட்டையே எடுக்கல. தீபாவளிக்குச் சிறந்த பணியாளர்னு என் போட்டோவ மாட்டுனாய்ங்க. மொதலாளி கையாலயே குத்துவெளக்கு குடுத்தாரு. எங்கம்மா அதுலதான் இப்ப வெளக்குப் போடுது."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு பெண் ஒன்றுக்குப் போகாமல் நின்றதற்குப் பரிசு கொடுத்திருக்கிறான், அதுவும் குத்துவிளக்கு.

"சரி, கடையில தெரியல. ரூமுக்குப் போனப்புறம்?"

"அங்கயும் வரலக்கா. ஞாபகம் வந்தாப் போவேன். அசந்து படுத்துட்டா அதுவும் இல்ல."

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைய விட்டு வெளிய வந்தா அந்த உத்தரவு போயிடணும்ல? ஏன் போகல?" என்று கேட்டார்.

"டாக்டர், ஒரு கல்யாண மண்டபம்னு வச்சுக்கங்க. ரிசப்சன்ல இருக்குறவரு ரூம் சாவி குடுக்குறாரு. அதுதான் வாரியப் பெட்டி. பக்கத்துல இன்னொருத்தன் நிக்கிறான். அவன் சாவி குடுக்கமாட்டான், 'சாப்பாடு எட்டு மணிக்கு, மாடிக்குப் போகாதீங்க'ன்னு சொல்லிக்கிட்டு மட்டும் இருப்பான். யாரு என்னான்னு நாம கேக்குறோமா? ரிசப்சன்ல நிக்கிறான்ல, சரின்னு கேட்டுக்குவோம். அதுதான் நான் போட்டது."

"சரி, மண்டபத்தக் காலி பண்ணிட்டா?"

"சாவியத் திருப்பி வாங்கிருவாங்க. அவன் சொன்னத யாரு திருப்பி வாங்குறது? எத்தன மணி வரைக்கும்னு அவன் சொல்லியிருக்கணும். நான் அந்தக் கட்டத்தக் காலியா விட்டுட்டேன். எங்க ஆளுங்க எல்லாருமே காலியாத்தான் விடுவாங்க. எண் போனா இதுவும் போயிரும்னு நெனச்சோம். இப்பத்தான் தெரியுது, வேற ஒரு பக்கப்பெட்டி வந்து 'அதை விட்டுரு'ன்னு சொல்ற வரைக்கும் மணி விடாது."

"அதாவது முந்நூறு பொண்ணுங்க இப்பவும் வீட்டுலயும் பஸ்லயும் அப்படியேதான் இருக்காங்க."

"ஆமா" என்றேன்.

என் மடிக்கணினியையே பக்கப்பெட்டியாக்கி, கிளினிக்கின் வாரியப் பெட்டி பேச்சியின் மணிக்கு மறுபடி எண் கொடுக்கும்போது, அந்த மூன்று வரியையும் ரத்து செய்து அனுப்பினேன். முக்கால் மணி நேரம் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அவள் தங்கச்சி படிக்கிற பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், சட்டென்று பேச்சை நிறுத்தி அடிவயிற்றைப் பிடித்தாள்.

"அக்கா... வருதுக்கா!"

டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே ஓடினாள். கதவுக்கு உள்ளிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் வெளியே நின்று அழுதேன். அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று டாக்டரின் முகம் கேட்டது. நியாயம்தான்.

"நல்லாக் கேட்டுக்கங்க" என்றார் டாக்டர். "இவளுக்கு இடது கிட்னி போச்சு. வலதும் அரைகுறைதான். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வாழ்நாள் பூரா டயாலிசிஸ். வர்ற திங்கக்கிழமை வேலைக்குப் போறேங்கிறா."

"போகாதடி" என்று பேச்சியிடம் சொன்னேன்.

"வேற எங்கக்கா போறது? திங்கக்கிழமை நிக்கலன்னா என் எடத்துல வேற புள்ளயப் போட்ருவாய்ங்க."

அவள் அந்தப் பின்வாசலில் கால் வைத்தால் என் பெட்டி மறுபடியும் அதே மூன்று வரியைச் சொல்லும். பெட்டியைக் கழற்றிவிட்டால் மட்டும் போதாது, மற்றப் பெண்களின் மணியில் ஏறியது அப்படியே இருக்கும். அதே வாசலில், அதே பெட்டி, ஒவ்வொருத்தியும் நுழையும்போது ரத்து சொல்ல வேண்டும். அதற்கு மூன்று நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை தணிகாசலத்தைப் பார்க்கப் போனேன். சட்டையைப் பிடிப்பது என்றுதான் கிளம்பினேன். அவர் எனக்கு ஜிகர்தண்டா வரவழைத்தார்.

"குடிங்க மேடம், சில்லுன்னு இருக்கு. நீங்க பண்ணுன வேலைக்கு மொதலாளி அம்புட்டு சந்தோசப்பட்டாரு. ஒரு புள்ளைக்கு ஒரு நாளைக்கு நாப்பத்தோரு நிமிசம் மிச்சம். தீபாவளிக் கூட்டத்துல ஒரு கவுன்டர் காலியா நிக்கலையே! செவ்வாக்கிழமை வாரிய இன்ஸ்பெக்டர் வந்தாரு. சீலப் பாத்தாரு, கையெழுத்துப் போட்டாரு, வீட்டம்மாவுக்கு ரெண்டு பட்டு எடுத்துக்கிட்டுப் போனாரு."

"பொண்ணுங்க ஆஸ்பத்திரியில கெடக்குறாங்க சார்."

"சூட்டு ஒடம்பு மேடம். தண்ணி குடிக்க மாட்டேங்குதுக. மோர் குடிங்கம்மான்னு நானே மைக்குல சொல்லச் சொல்லியிருக்கேன்."

தாகத்தைப் பாதியாக்கிவிட்டு மோர் குடிக்கச் சொல்கிறான். ஒரு மனிதனுடைய முகத்தை அத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு துப்பாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஒரு நிமிசம் மேடம்" என்று எழுந்து தன் அறையோடு ஒட்டிய பாத்ரூமுக்குப் போனார். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து, "அடுத்து அஞ்சு கிளையிலயும் போடணும்" என்றார்.

அந்த நிமிடம் முடிவு செய்தேன். சண்டை போட்டால் பெட்டியைத் தொடவே விடமாட்டான்.

"போட்ரலாம் சார். அதுக்கு முன்னாடி இங்க ஒரு அப்டேட் பண்ணணும். இல்லன்னா பொங்கல் நேரத்துல பெட்டி படுத்துரும்" என்றேன்.

"அய்யய்யோ, உடனே பண்ணுங்க!"

ஜிகர்தண்டாவைத் தொடாமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அந்தப் படிக்கட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் ஒரே ஊதா நிறச் சேலை, ஒரே மாதிரிக் கொண்டை. ஒவ்வொருத்தி நுழையும்போதும் என் திரையில் ஒரு வரி பச்சையானது. மூன்று உத்தரவும் ரத்து. இந்த முறை ஒவ்வொரு எண்ணையும் நானே பார்த்தேன், ஒரு வரியையும் நம்பி விடவில்லை. பேச்சி வந்தபோது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு மேலே போனாள். ஒன்பதே முக்காலுக்கு முந்நூற்று நான்கு பேர் பச்சை. மிச்சம் எட்டுப் பேரில் ஐந்து பேர் டாக்டர் நஸ்ரினிடம் இருந்தார்கள், அவர்களுக்கு அங்கேயே முடித்திருந்தேன். மூன்று பேர் விடுப்பு, அவர்கள் வீட்டு முகவரியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மனசு லேசாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பெருமைகூட வந்தது, வெட்கங்கெட்ட பெருமை. இனி இவர்களுக்கு உடம்பு சொல்வது கேட்கும், கேட்டால் போவார்கள், தடுத்தால் சண்டை போடுவார்கள் என்று நான்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு டீ வாங்கிக் குடித்தேன். யாருக்காவது ஏறாமல் போயிருந்தால் என்று மத்தியானம்வரை அங்கேயே இருக்க நினைத்தேன்.

பதினொன்றேகாலுக்கு மேலே சத்தம் கேட்க ஆரம்பித்தது. படிக்கட்டில் ஓடும் காலடிகள். ஒரு ஆண்குரல், "ஒருத்தி வந்தப்புறம்தான் இன்னொருத்தி! கட்டை இல்லாம எவடி மேல ஏறுறது?" என்று கத்தியது. மைக்கில் யாரோ தேன்குரலில் கார்த்திகைச் சிறப்புத் தள்ளுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவே ஒரு பெண் அழுகிற சத்தம், பிறகு அதுவும் நின்றுவிட்டது.

பேச்சி இறங்கி வந்தாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள். நன்றி சொல்ல வருகிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றேன். பேச்சியின் நெற்றியெல்லாம் வியர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு காலில் நிற்பதும் மறுகாலுக்கு மாறுவதுமாக இருந்தாள்.

"அக்கா, அதத் திருப்பிப் போட்ருங்க."

எனக்கு விளங்கவே இல்லை. "எத?"

"அந்த வராம இருக்குறத. திருப்பிப் போடுங்கக்கா."

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? டாக்டர் என்ன சொன்னாங்க? ஒனக்கு மிச்சமிருக்குறது ஒரே ஒரு கிட்னி, அதுவும் அரைகுறை!"

"தெரியும்க்கா. டாக்டர் சொன்னது எப்பவோ வரப்போறது. இது இப்ப வருது. எனக்கு முன்னாடி பத்தொம்பது பேரு கட்டைக்கு நிக்கிறாளுக. மேல தமிழ்க்கொடி ஒரு கல்யாண வீட்டுக்காரங்களுக்குச் சேலை விரிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தா. அவங்க முன்னாடியே நனைச்சுட்டா. அந்தம்மா மூக்கப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. சூப்பர்வைசர் இவளையே தொடைக்க விட்டான்."

"அப்ப எல்லாரும் சேந்து கேளுங்கடி! கஸ்டமர் பாத்ரூமத் தொறந்துவிடச் சொல்லுங்க. நான் வர்றேன், டாக்டர் வருவாங்க, கேஸ் போடலாம்."

"போடுங்கக்கா, போடுங்க. கேஸ் எப்ப முடியும்? சாயங்காலத்துக்குள்ள முடியுமா?" அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் நாங்க நிக்கணும். ஒண்ணு பாத்ரூமத் தொறந்துவிடுங்க, இல்லாட்டி இத மூடிவிடுங்க. ரெண்டுல எது உங்களால முடியும்?"

பின்னால் நின்றவர்களில் ஒருத்தி, பதினெட்டு வயதுகூட இருக்காது, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இன்னொருத்தி கைகூப்பினாள். எல்லோரும் என் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சீக்கிரம்க்கா" என்றாள் பேச்சி. "சூப்பர்வைசர் வந்துருவான்."